டிரெய்லரில் ஹார்லி, ஓயாமல் அலறும் அலாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நான் இருப்பது மினியாபோலிஸில். இங்கிருந்து தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊருக்குச் சுமார் 600 மைல். 1938-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் திருவிழா அங்கே ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கிறது. இங்குள்ள தமிழ் நண்பர்களில் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சிலர் அதற்குப் போகிறோம். தனியாகப் போகிறவர்கள் ஓட்டிக்கொண்டே போவார்கள். மனைவி, பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் இழுத்துப் போவார்கள். அப்படி முதல்முறை ஏற்றியவர்கள் எல்லோரும் கேட்பது அலாரத்தைப் பற்றித்தான். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி ஹார்லியின் கம்பெனி அலாரம் பற்றியது. மற்ற வண்டிகளுக்கும் ஊரில் ரயிலில் அனுப்புகிறவர்களுக்கும் பின்பகுதியில் பதில் இருக்கிறது.

வண்டியை யாரும் தொடவே இல்லை. டிரெய்லரில் ஏற்றிக் கிளம்பியதும் ஏன் அலறுகிறது?

அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. வண்டிக்குள் அசைவை உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது. அலாரம் போட்ட கணத்தில் வண்டி எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பிறகு யாராவது வண்டியை நிமிர்த்தினாலோ தூக்கினாலோ நகர்த்தினாலோ சாய்வு மாறும், சென்சார் விழித்துக்கொள்ளும். திருடன் வண்டியைத் தூக்கி வேனில் போடுவதற்கும், நீங்கள் அதை டிரெய்லரில் வைத்து மேட்டில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது.

ஆகவே சமவெளிச் சாலையில் சீராகப் போகும்போது பல மைல் தூரம் அமைதியாக இருந்துவிட்டு, பாலத்தின் இணைப்பில் ஒரு குலுக்கல் வந்ததும் கத்தும். பெட்ரோல் போட நிறுத்தும்போது நீங்களே வண்டியைக் கட்டிய பட்டையைச் சரிபார்க்க டிரெய்லர் மேல் காலை வைத்தால் கத்தும். எங்கள் பாதையில் மிசௌரி ஆற்றைத் தாண்டியபின் காற்று பக்கவாட்டில் அறையும். டிரெய்லர் மொத்தமும் ஆடும் அந்த இடத்தில்தான் பலருக்கும் முதல் அலறல்.

கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டால் என்ன?

நான் முதல்முறை அப்படித்தான் விட்டேன், அதுவும் தெரியாமலேயே. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில், கண்ணாடி மூடிய காருக்குள், பின்னால் 15 அடி தள்ளி அடிக்கும் சைரன் காதில் விழாது. மதிய வெயிலில் நான்கு இண்டிகேட்டரும் மினுக்குவது பின்பார்வைக் கண்ணாடியிலும் கவனத்துக்கு வராது. சாப்பிட நிறுத்தியபோது பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர்தான் வந்து சொன்னார். மறுநாள் காலை இறக்கி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும். பேட்டரி இறங்கிவிட்டது.

எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். அசைவு தெரிந்ததும் முதலில் ஓர் எச்சரிக்கை வரும்: இண்டிகேட்டர் மூன்று முறை மின்னும், சைரன் இருந்தால் ஒரு சிறு கீச்சொலி. அசைவு தொடர்ந்தால் இரண்டாவது எச்சரிக்கை. அதற்குப் பிறகும் வண்டி பழைய நிலைக்கு வராவிட்டால் முழு அலாரம். அது 30 நொடி அடிக்கும், நிறுத்திப் பார்க்கும், இன்னும் ஆடினால் மறுபடி 30 நொடி. இப்படிப் பத்துச் சுற்று, மொத்தம் ஐந்து நிமிடம் வரை போகும். ஒன்பது மணி நேரப் பயணத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் விற்கும் பல மாடல்களில் சைரன் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டிய பாகம். உங்கள் வண்டியில் சைரன் இல்லையென்றால் விளக்குகள் மட்டும் மின்னிக்கொண்டே வரும். சத்தம் இல்லாததால் யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். பேட்டரிக்கு அது இன்னும் மோசம்.

டிரான்ஸ்போர்ட் மோட் என்கிறார்களே, அது என்ன? அலாரத்தை முழுதாக அணைப்பதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதை விட்டாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஹார்லியின் பாதுகாப்பு அமைப்பில் இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, வண்டியை அசைத்தால் கத்துவது. இன்னொன்று, சரியான ஃபாப் பக்கத்தில் இல்லாமல் இன்ஜினை ஓடவிடாமல் தடுப்பது. ஃபாப் என்பது சாவிக்கொத்தில் தொங்குமே, அந்தச் சின்ன ரிமோட். டிரான்ஸ்போர்ட் மோட் முதல் வேலைக்கு மட்டும் விடுப்பு கொடுக்கிறது. இரண்டாவது காவல் அப்படியே நிற்கும். வண்டியைத் தூக்கலாம், தள்ளலாம், குலுக்கலாம், சத்தம் வராது. ஆனால் ஃபாப் இல்லாமல் ஒருவன் ஸ்டார்ட் செய்ய முயன்றால் அலாரம் அடிக்கும், இன்ஜினும் ஓடாது.

டிரெய்லர் பயணத்துக்கு வேண்டியது இதுதான். அலாரத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வீட்டுக் கராஜில் பூட்டி வைத்திருந்த வண்டியை முன்பின் தெரியாத ஊர்களின் பெட்ரோல் பங்குகளிலும் மோட்டல் வாசல்களிலும் நிறுத்தப் போகிறோம். பாதுகாப்பு மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் அதிகம் வேண்டும்.

அதை எப்படிப் போடுவது?

ஃபாப் உங்களிடம் இருக்க வேண்டும். பல ஆண்டு மாடல்களில் இக்னிஷனைப் போட்டு அணைப்பதும், அடுத்த சில நொடிகளுக்குள் இடது, வலது இண்டிகேட்டர் பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்துவதும் இதில் வரும். ஆனால் எந்த ஸ்விட்ச் முதலில், எத்தனை நொடிக்குள் என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஆகவே யூடியூபில் வேறொருவர் வண்டிக்குச் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள். உங்கள் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் பாதுகாப்பு அமைப்பு பற்றிய பகுதியில் டிரான்ஸ்போர்ட் மோட் என்று தனித் தலைப்பே இருக்கும், அரைப் பக்கம்தான். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மறுபடி தேவைப்படும்.

கிளம்புகிற அன்று காலையில், பிள்ளைகள் காரில் ஏறி உட்கார்ந்தபிறகு முதல்முறையாக முயன்று பார்க்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே கராஜில் இரண்டு மூன்று தடவை செய்து பழகுங்கள்.

போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபாப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், அல்லது கையில் வைத்திருப்பவரை முப்பது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி ஆட்டுங்கள். கீச்சொலியும் இல்லை, இண்டிகேட்டரும் மின்னவில்லை என்றால் விழுந்துவிட்டது. மின்னினால் விழவில்லை, மறுபடி செய்யுங்கள்.

ஃபாப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் பயனே இல்லை. ஃபாப் பக்கத்தில் இருக்கும்போது அசைத்தால் வண்டி அதைத் தேடிப் பார்த்து, சொந்தக்காரர்தான் என்று தானாகவே அலாரத்தை எடுத்துவிடும். சத்தம் வராததைக் கண்டு நீங்கள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவீர்கள், பத்தாவது மைலில் அலறும்.

காலையில் சரியாகத்தான் போட்டேன். மதியம் வரை அமைதி. அதன்பிறகு திடீரென்று அலறத் தொடங்கியது. ஏன்?

இடையில் எங்கோ இக்னிஷனைப் போட்டிருப்பீர்கள். பெட்ரோல் அளவு பார்க்க, போன் சார்ஜ் செய்ய, டிரெய்லரில் ஏறி நின்ற பையனுக்கு விளக்கு எரிவதைக் காட்ட. டிரான்ஸ்போர்ட் மோட் ஒரே ஒரு இக்னிஷன் சுற்றுக்குத்தான். ஒருமுறை போட்டு அணைத்ததும் அது முடிந்தது. அடுத்த சில நொடிகளில் வழக்கமான முழு அலாரம் தானாகப் போட்டுக்கொள்ளும். இண்டிகேட்டர் இரண்டு முறை மின்னுமே, அதுதான் அடையாளம். ஆகவே வழியில் இக்னிஷனைத் தொட்டால் மோடை மறுபடி போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தொடாமலே இருப்பது இன்னும் நல்லது.

ஃபாப்பை வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் (சேடில்பேக்) போட்டுவிட்டால் சத்தமே வராதாமே? அது சுலபமாக இருக்கிறதே.

சத்தம் வராது என்பது உண்மை. ஆனால் வண்டியையும் அதன் சாவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். ஃபாப்பை வண்டியோடு விட்டால் அலாரம் அடிக்காது என்று மேனுவலே எச்சரிக்கிறது. கைப்பிடியில் தொங்கவிடாதே, பெட்டியில் வைக்காதே என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. டிரெய்லரை அவிழ்த்துக்கொண்டு போகிறவன் இறக்கி ஓட்டிக்கொண்டே போய்விடலாம். எனக்குத் தெரிந்து வருடக்கணக்காக இப்படியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம்.

நான்தான் காரை ஓட்டுகிறேன், ஃபாப் என்னிடம் இருக்கிறது. வண்டி பின்னால்தானே வருகிறது?

எட்டாது. ஃபாப்பின் வீச்சு சுமார் ஐந்து அடிதான், ஒன்றரை மீட்டர். ஓட்டுநர் இருக்கைக்கும் டிரெய்லரில் நிற்கும் வண்டிக்கும் நடுவே கார் முழுவதும் இருக்கிறது, இரும்புத் தகடுகள் வேறு. மூடிய டிரெய்லராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று: செல்போனுக்கு மூன்று அங்குலத்துக்குள் ஃபாப்பை வைத்தால் பக்கத்தில் நின்றாலும் வண்டிக்கு அது தெரியாமல் போகலாம். போன் ஒரு பையில், ஃபாப் இன்னொரு பையில் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்ததல்லவா?

சைரன் இருக்கும் வண்டியில் அலாரம் போட்ட நிலையில் வயரைக் கழற்றினால் அப்போதே சைரன் அலறும். அதற்கென்று உள்ளேயே தனிப் பேட்டரி இருக்கிறது. திருடன் முதலில் வயரைத்தான் வெட்டுவான் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஃபாப்பைப் பக்கத்தில் வைத்து இக்னிஷனைப் போடுங்கள். அலாரம் எடுபட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இண்டிகேட்டர் ஒருமுறை மின்னும். இக்னிஷன் போட்ட நிலையிலேயே மெயின் ஃப்யூஸை உருவுங்கள். சைரன் வாய் திறக்காது. வண்டியைக் கப்பலிலோ கன்டெய்னரிலோ வாரக்கணக்கில் அனுப்புகிறவர்களுக்கு இந்த வழி சரி. இரண்டு நாள் டிரெய்லர் பயணத்துக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவு பேட்டரியை சார்ஜரில் போட்டு வைத்தால் போதும்.

இரவு மோட்டலில் தங்குகிறோம். வண்டியை டிரெய்லரிலேயே விடலாமா? அப்போதும் டிரான்ஸ்போர்ட் மோடில்தானா?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். டிரான்ஸ்போர்ட் மோடில் வண்டியை எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராது. அதாவது இரவு இரண்டு மணிக்கு ஒருவன் வந்து பட்டையை அறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் அது வாய் திறக்காது. பகலில் நமக்கு நன்மையாக இருந்தது இரவில் அவனுக்கு நன்மையாகிவிடும்.

ஆகவே டிரெய்லர் நின்றதும், கடைசியாக ஒருமுறை பட்டைகளைச் சரிபார்த்து முடித்ததும், ஃபாப்போடு போய் இக்னிஷனை ஒருமுறை போட்டு அணையுங்கள். முழு அலாரம் திரும்ப வந்துவிடும். வண்டி இறுக்கிக் கட்டிய நிலையில் அசையாமல் நிற்பதால், தெருவில் லாரி போகிற அதிர்வுக்கெல்லாம் பெரும்பாலும் அடிக்காது. எவனாவது டிரெய்லர் மேல் ஏறினால் அடிக்கும். காலையில் கிளம்புமுன் மறுபடி டிரான்ஸ்போர்ட் மோட். இரவில் முழுக் காவல், ஓடும்போது அரைக் காவல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போகும் வழியில் மிட்செல், சேம்பர்லின் போன்ற சிற்றூர்களில்தான் பெரும்பாலும் தங்குவோம். திருவிழா வாரத்தில் ஒவ்வொரு மோட்டல் வாசலிலும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். எந்த வண்டி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அன்னியன் ஒருவன் வந்து அவிழ்த்தாலும் சொந்தக்காரன் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

அலாரம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரெய்லரையே வேறொரு காரில் மாட்டி இழுத்துப் போய்விட்டால் சைரன் ஐந்து நிமிடம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். எனவே டிரெய்லரை மாட்டும் கொக்கியில் ஒரு பூட்டு வேண்டும். வண்டியின் ஃப்ரேமையும் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துக் கனமான சங்கிலி ஒன்று வேண்டும். முடிந்தால் டிரெய்லரின் பின்பக்கம் சுவரை ஒட்டி வரும்படி நிறுத்துங்கள். அறை எடுக்கும்போதே ஜன்னலிலிருந்து நிறுத்துமிடம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து அறைக்காரர்களின் தூக்கத்துக்காகவும் அந்த ஜன்னல் உதவும். அலாரம் அடித்தால் ஓடிப்போய் நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

ஹேண்டில் லாக் போட்டுவிட்டால் கூடுதல் பாதுகாப்புதானே?

ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால்தான் பூட்டு விழும். டிரெய்லரில் முன்சக்கரம் சக்கரப் பிடிக்குள் நேராக நிற்க வேண்டும். இரண்டும் ஒத்துவராது. திருப்பிப் பூட்டிய நிலையில் பட்டையை இறுக்கினால் பாரமும் குலுக்கலும் பூட்டின் மேல் போகும். வேண்டாம்.

கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சரியாகக் கட்டாத வண்டிதான் அதிகம் ஆடி அதிகம் கத்துகிறது. முன்னால் இரண்டு பட்டை, பின்னால் இரண்டு. முன்பட்டையைக் கைப்பிடியில் மாட்டாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்ப் பாகத்தில் மிருதுவான வளையம் போட்டு மாட்டுங்கள். பிரேக் குழாய் நசுங்காமல் பாருங்கள். பெரிய டூரிங் ஹார்லி 350 கிலோவைத் தாண்டும், அது ஒரு பக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்த ஒருவரால் முடியாது. கிளம்பி இருபது முப்பது மைலில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைப் பாருங்கள். முதல் தளர்வு அப்போதுதான் தெரியும்.

பிரேக் டிஸ்க்கில் மாட்டும் அலாரப் பூட்டு வைத்திருக்கிறேன்.

ஓடும் டிரெய்லரில் கழற்றி வையுங்கள். அதற்கு டிரான்ஸ்போர்ட் மோட் எதுவும் கிடையாது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தும். இரவில் மாட்டிக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ் டிராக்கர் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

உங்கள் போனுக்கு மட்டும் தகவல் வரும் டிராக்கர் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இக்னிஷன் போடாமல் வண்டி நகர்கிறது என்று செய்தி வரும், படித்துவிட்டு விடுங்கள். பயணம் முழுக்க அதை ஓடவிடுங்கள், டிரெய்லரோடு போனால் கண்டுபிடிக்க உதவப்போவது அதுதான். கண்காணிப்பு நிலையம் ஒன்று வைத்து நடத்தும் கட்டணச் சேவை என்றால், கிளம்புமுன் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பல சேவைகளின் ஆப்பிலேயே போக்குவரத்துக்கென்று ஒரு தேர்வு இருக்கும். சொல்லாமல் கிளம்பினால் திருட்டு என்று நினைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதால் எடுக்க மாட்டீர்கள்.

என்னுடையது பிஎம்டபிள்யூ. அதிலும் இப்படி ஒரு வசதி உண்டா?

உண்டு, இன்னும் எளிதாகவே. பிஎம்டபிள்யூவின் திருட்டு அலாரத்தை டிடபிள்யூஏ என்பார்கள். ரிமோட்டை அழுத்தி அலாரம் போட்டதும், அது செயலுக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில் அதே பட்டனை மறுபடி ஒருமுறை அழுத்தினால் சாய்வு சென்சார் மட்டும் விலகிவிடும். வண்டியை ரயிலில் ஏற்றிப் போகும்போது என்று மேனுவலே இதற்கு உதாரணம் சொல்கிறது.

லண்டன் பக்கம் இருக்கும் உறவினர்களுக்கும் இதுதான் பதில். டோவரிலிருந்து கலே போகும் படகில் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடலில் இருக்கும்போது வண்டித் தளத்துக்கு யாரையும் இறங்க விடமாட்டார்கள். உங்கள் வண்டி கீழே அலறினால் மேலே உட்கார்ந்து அறிவிப்பைக் கேட்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. படகில் நிறுத்திக் கட்டும் அந்த நிமிடத்திலேயே சாய்வு சென்சாரை எடுத்துவிடுங்கள்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் ஃபாப்பையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஏன் வேண்டும் என்று கேளுங்கள். வண்டியைத் தள்ளி ஏற்றி இறக்குவதற்கு ஃபாப் தேவையில்லை, டிரான்ஸ்போர்ட் மோடும் நியூட்ரலும் போதும். இடையில் வேறு லாரிக்கு மாற்றும்போது ஓட்டி நகர்த்த வேண்டியிருக்கும் என்று சொன்னால் அது நியாயமான காரணம். அப்போது ஒரே ஒரு ஃபாப்பை, கொடுத்ததாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஃபாப் தொலைந்தால் அலாரத்தை எடுக்க உதவும் ரகசிய எண்ணைக் கொடுக்காதீர்கள். ஃபாப் கொடுத்தால் அவர்கள் இக்னிஷனைப் போடுவார்கள், மோட் முடிந்துவிடும், மறுபடி போட அவர்களுக்குத் தெரியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மேனுவலின் அந்த அரைப் பக்கத்தை அச்செடுத்துக் கூடவே கொடுப்பது என் வழக்கம்.

ஊரில் இருக்கிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் வண்டியை அனுப்பி, அங்கிருந்து லடாக் போகிறோம். வெளியே வாங்கிப் பொருத்திய ரிமோட் அலாரம் இருக்கிறது.

பார்சல் வேனில் வண்டி இரண்டு நாளாவது குலுங்கப்போகிறது, சுமை தூக்கும் தொழிலாளர்கள் கை மாற்றி மாற்றித் தள்ளப்போகிறார்கள். வெளியில் வாங்கும் அலாரங்களில் பலவற்றில் அசைவு சென்சாரை மட்டும் விலக்கும் வசதி இருக்காது. ரிமோட்டை வைத்து அலாரத்தை எடுத்துவிட்டு, அலாரப் பெட்டிக்குப் போகும் கனெக்டரையோ அதன் ஃப்யூஸையோ கழற்றி வைப்பதுதான் நல்லது. பொருத்திய மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொண்டால், டெல்லியில் இறங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம். சில அலாரங்கள் இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் இணைக்கப்பட்டிருக்கும். கனெக்டரைக் கழற்றினால் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. புறப்படுமுன் வீட்டிலேயே கழற்றி, மாட்டி, ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஹேண்டில் லாக்கைப் போடவே கூடாது. பூட்டிய வண்டியை அவர்கள் தூக்கித்தான் வைப்பார்கள், அதில்தான் இண்டிகேட்டரும் லீவரும் உடைகின்றன. பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டுத்தான் பார்சல் அலுவலகத்தில் எடுப்பார்கள். ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். சாக்கு சுற்றுபவர்களிடம் ஹேண்டில் பக்கத்து ஸ்விட்சுகளுக்கு இன்னும் ஒரு சுற்று போடச் சொல்லுங்கள். ரிமோட்டும் சாவியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், பார்சலோடு கட்டி அனுப்ப வேண்டாம். ஹார்லியோ பிஎம்டபிள்யூவோ என்றால் மேலே சொன்ன வழிதான், கனெக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

போய்ச் சேர்ந்துவிட்டோம். ஃபாப் வேலை செய்யவில்லை, வண்டி அலறுகிறது!

பதறாதீர்கள். முதலில் போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஃபாப்பை வண்டியின் இருக்கைக்குப் பக்கத்தில் பிடித்து இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ஃபாப்பின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பயணத்தில் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

ஃபாப்பே தொலைந்துபோனால் ரகசிய எண்தான் காப்பாற்றும். ஐந்து இலக்கம், இண்டிகேட்டர் பட்டன்களை வைத்து ஒவ்வொரு இலக்கமாக உள்ளிட வேண்டும், சற்று நேரம் பிடிக்கும். பழைய வண்டி வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் எண் என்னவென்றே தெரிவதில்லை. உங்களுக்கும் தெரியாதென்றால், ஃபாப் நன்றாக வேலை செய்யும்போதே மேனுவலைப் பார்த்துப் புது எண் வைத்துவிடுங்கள். எண்ணை பர்ஸில் எழுதி வையுங்கள், வண்டியில் அல்ல. இரண்டாவது ஃபாப் இருந்தால் அது கூட வருகிறவரின் பையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே கொத்தில் கோத்து வைத்திருந்த நண்பர் ஒருவர் தெற்கு டகோட்டாவின் வால் (Wall) என்ற ஊரில் ஒரு முழு மாலை நேரத்தையும் இழந்தார்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது?

பட்டையை அவிழ்க்குமுன் ஃபாப் உங்கள் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரவு முழு அலாரம் போட்டிருந்தால், ஃபாப் இல்லாமல் முதல் பட்டையைத் தளர்த்தியதுமே வண்டி நிமிர்ந்து சைரன் அலறும். பாதி அவிழ்த்த நிலையில் காதருகே அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக விலகும், அப்போதுதான் வண்டி சாய்கிறது. ஆகவே முதலில் இக்னிஷனைப் போட்டு அலாரத்தை எடுங்கள், பிறகு அணைத்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு ஒருவர் இடப்பக்கம் நின்று வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் பின்பட்டைகளில் தொடங்கி அவிழ்க்கட்டும். தரையில் இறக்கி, ஸ்டாண்டு போட்டு, வண்டி நிலையாக நின்றபிறகே இக்னிஷனை அணையுங்கள்.